ஓ.பி. சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்!



தேர்தல் வந்தால் தெருவெங்கும் போஸ்டர். புது வருஷம் பிறந்தால் வீட்டுக்கு வீடு தினசரிக் காலண்டர். பள்ளிக்கூடம் திறந்தால் பிள்ளைகளின் பையில் புது நோட்டு. இதில் பெரும்பங்கு சிவகாசியில் அச்சாகி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதற்காக அச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்ட ஊர் அது. இன்று நாட்டின் பெரிய அச்சு மையங்களில் ஒன்று. 'குட்டி ஜப்பான்' என்று பேர் வாங்கிய ஊர்.

அந்த மிஷின் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் கையை நீங்க பார்த்திருக்கீங்களா? விரல் இடுக்கில் தோல் வெளுத்து உரிந்திருக்கும். கணுவில் வெடிப்பு. சில பேருக்குப் புறங்கையில் சிவந்து, சின்னச் சின்னதாகக் கொப்புளம். ராத்திரி தூக்கத்தில் சொறிந்து சொறிந்து, காலையில் எழுந்தால் நகக்கீறல். சாப்பாட்டில் கையை வைத்தால் காரம் எரியும். அதனால் ஸ்பூன் வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடுபவர்கள் உண்டு.

கேட்டால் என்ன சொல்வார்கள்? "ஒண்ணுமில்லண்ணே, என் ஒடம்புக்கு ஒத்துக்கல. அலர்ஜி." அவ்வளவுதான்!

இந்த "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இன்றைய பதிவு. அந்தக் கையில் இருப்பது தொழில் நோய். இந்த நாட்டின் சட்டமே அதைப் பேர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது. ஆனால் மருத்துவமனையில் கொடுக்கும் ஓ.பி. சீட்டில் அது எழுதப்படுவதில்லை. சீட்டில் இல்லாத நோய் ரெக்கார்டில் இல்லை. ரெக்கார்டில் இல்லாத நோய்க்கு நஷ்டஈடும் இல்லை, ஆய்வும் இல்லை, மாற்றமும் இல்லை. இவ்வளவும் அந்த ஒரு வரியில் தொங்குகிறது.

◾ கையில் படுவது என்ன?

ஆஃப்செட் மிஷின் பற்றித் தெரியாத தோழர்களுக்காகச் சுருக்கமாக. பிளேட்டில் இருந்து மை முதலில் ஒரு ரப்பர் விரிப்பில் ஏறும். அதற்கு பிளாங்கெட் என்று பேர். பிளாங்கெட்டில் இருந்து காகிதத்தில் இறங்கும். மையை எடுத்துவர வரிசையாக ரோலர்கள். ஒரு கலர் முடிந்து அடுத்த கலர் போட வேண்டும் என்றால், ரோலரில் இருக்கும் பழைய மையைச் சுத்தமாகக் கழுவி எடுக்க வேண்டும். ஆஃப்செட் மை எண்ணெய்ப்பசை கொண்டது. தண்ணீருக்கு அசையாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், அல்லது கேனில் வரும் 'வாஷ்' திரவம் வேண்டும். துணியை அதில் நனைத்து, கையால் துடைப்பார்கள். இதோடு, பிளேட்டை ஈரப்படுத்தும் தண்ணீரில் பல இடங்களில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் கலக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. பெரிய அச்சகத்தில் நாலு கலர் மிஷின் இருக்கும். நாலு கலருக்கும் தனித்தனி யூனிட். பல மிஷின்களில் தானாகவே கழுவும் வசதியும் உண்டு. சின்ன அச்சகத்தில் சிங்கிள் கலர் மிஷின், மிஞ்சினால் இரண்டு கலர். அங்கே கலர் மாறும்போதெல்லாம் கழுவியாக வேண்டும். ஒரு ஷிப்டில் எத்தனை கலர் மாறுதோ, அத்தனை முறை கை கரைப்பானில் முங்கும். எவ்வளவு சின்ன அச்சகமோ, அவ்வளவு அதிகமாகக் கை நனைகிறது. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்க. சட்டத்தைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

இதோடு முடிந்ததா? இல்லை. வேலை முடிந்து கையில் இருக்கும் மையைப் போக்க வேண்டுமே! அதற்கும் அதே மண்ணெண்ணெய், அதே தின்னர். அப்புறம் துணி துவைக்கும் சோப்புத்தூளைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பது. காயம் பட்ட இடத்தில் மறுபடி அடிப்பது மாதிரிதான் இது.

◾ தோலுக்குள் என்ன நடக்கிறது?

நம் தோலின் மேல் அடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்க. செத்துக் காய்ந்த செல்கள்தான் செங்கல். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் சாந்து, உடம்பே தயாரிக்கும் ஒரு வகைக் கொழுப்பு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் நஞ்சு உள்ளே வராமலும் பார்ப்பது இந்தச் சுவர்.

கரைப்பானின் வேலையே எண்ணெய்ப்பசையைக் கரைப்பது. ரோலரில் இருக்கும் மை எது, மனிதன் தோலில் இருக்கும் கொழுப்பு எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே கரைத்து எடுத்துவிடும். சாந்து போன சுவர் எத்தனை நாள் நிற்கும்? தோல் வறளும், வெளுக்கும், வெடிக்கும். வெடிப்பு வழியாகக் கரைப்பான் இன்னும் ஆழமாக இறங்கும். அரிப்பு, எரிச்சல், கொப்புளம், சீழ் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். மோதிரம் போட்ட விரலில் முதலில் வரலாம், ஏனென்றால் மோதிரத்துக்கு அடியில் திரவம் தங்கிவிடும். மருத்துவர்கள் இதை 'எரிச்சல் வகைத் தொடுதோல் அழற்சி' என்பார்கள்.

இதில் யாருடைய "ஒடம்பு வாகு"ம் குற்றவாளி கிடையாது. போதுமான அளவு கரைப்பான், போதுமான நாட்கள் பட்டால் யாருடைய தோலும் வெடிக்கும். சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்குத் தாமதமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வாமை என்பது வேறு. அது குறிப்பிட்ட சில பேருக்கு, குறிப்பிட்ட ஒரு பொருளால் வருவது. தோலின் சுவர் உடைந்த கையில் அந்த ஒவ்வாமையும் எளிதாக வந்து உட்காரும் என்பது இரண்டாவது சிக்கல்.

வேலையால்தான் வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மிக எளிய ஒரு கேள்வி இருக்கிறது. லீவு நாளில் கை எப்படி இருக்கு? ஊர்ப் பொங்கலுக்கு நாலஞ்சு நாள் மிஷின் நின்றால் கை ஆறுகிறதா? திரும்ப வேலைக்குப் போன வாரத்திலேயே வெடிக்கிறதா? ஆடிப்பெருக்குக்குப் பிறகு காலண்டர் சீசன் சூடுபிடித்தால் அதிகமாகிறதா? ஆமாம் என்றால், காரணம் வேலையிடத்தில் இருக்கிறது என்பதற்கு அது வலுவான அடையாளம். உடனே மருத்துவரைப் பாருங்க.

◾ "வெறும் அரிப்புதானே!"

இப்படிச் சொல்பவர்களுக்கு ஒரு நிஜ சம்பவம். நம் குட்டி ஜப்பானுக்கு அசல் ஜப்பானில் இருந்து வரும் எச்சரிக்கை.

ஒசாகா நகரில் ஒரு சிறிய ஆஃப்செட் அச்சகம். ப்ரூஃப் போடுவது அங்கே வேலை. ஒரு நாளைக்குப் பல முறை பிளாங்கெட்டைத் துடைக்க வேண்டும். காற்றோட்டம் குறைந்த அறை. துடைக்கப் பயன்படுத்திய திரவத்தில் 1,2-டைகுளோரோப்ரோப்பேன், டைகுளோரோமீத்தேன் என்ற இரண்டு கரைப்பான்கள் இருந்தன. வழக்கமாக வயதானவர்களுக்கே வரும் பித்தநாளப் புற்றுநோய், அங்கே வேலை செய்த இளம் தொழிலாளர்களுக்கு வரிசையாக வந்தது. 2012-இல் விஷயம் வெளியே வந்து நாடே அதிர்ந்தது. 2013-இல் ஜப்பான் அரசு அதைத் தொழில் நோய் என்று ஏற்று இழப்பீடு கொடுத்தது. 2014-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1,2-டைகுளோரோப்ரோப்பேனை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கையில் அரிப்பு வந்தால் புற்றுநோய் வரும் என்று அர்த்தம் கிடையாது. மண்ணெண்ணெய் வேறு, அந்தத் திரவம் வேறு. ஒசாகாவில் ஆவியைச் சுவாசித்ததுதான் பெரிய காரணம். ஆனால் இரண்டு பாடம் இருக்கிறது.

முதலாவது: கேனில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையை விடக் கூடாது. கையைக் காயப்படுத்தும் அளவுக்குப் புழங்கும் திரவம், மூக்கு வழியாகவும் போய்க்கொண்டுதான் இருக்கும். தோல் நமக்குத் தெரியும்படி கத்துகிறது. நுரையீரலும் கல்லீரலும் கத்தாது. பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்க. அதில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கத் தரவிதியே அனுமதிக்கிறது. பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வண்டியில் ஊற்ற வேண்டியதைக் கையில் ஊற்றிக் கழுவுவது எவ்வளவு பெரிய ஆபத்து!

இரண்டாவது: ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரே நோய் என்பதைச் சேர்த்து வைத்துப் பார்த்ததால்தான் அந்த உண்மை வெளியே வந்தது. ஒவ்வொருவரும் தனித்தனி நோயாளியாகவே பதிவாகியிருந்தால், ஒவ்வொன்றும் தனித்தனி துரதிர்ஷ்டமாகவே முடிந்திருக்கும்.

◾ சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்க தோழர்களே. மிஷின் வேலையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு வாசித்தும் காட்டுங்க.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் மூன்றாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியல் அது. வேதிப்பொருட்களும் பெயிண்டும் நேரடியாகப் படுவதால் வரும் தொழில்சார் தோல் அழற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருந்தால் என்ன? அந்த நோய் வந்தால் நிர்வாகம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவருக்கு அந்த நோய் இருக்கிறது என்று கருதும் மருத்துவரும், தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இது சலுகை கிடையாது, கடமை.

இழப்பீடு? 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும், 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் தொழில் நோய்ப் பட்டியல் உண்டு. வேறு இனங்களில் சேராத, வேதிக் காரணிகளால் வரும் தோல் நோய்கள் அதில் தனி இனம். ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்த தொழிலாளிக்கு இந்த நோய் வந்தால், வேலையால் வந்ததாகவே இழப்பீட்டுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளி பக்கம்!

2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. ஆனாலும் தோல் அழற்சி பட்டியலில் தொடர்கிறது. "அதெல்லாம் பழைய சட்டம்ப்பா" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

இப்போது இ.எஸ்.ஐ. கணக்குக்கு வருவோம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். கை வெந்து வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சாதாரண நோய் என்று பதிவானால் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைதான். வேலையால் வந்தது என்று ஏற்கப்பட்டால் 90 சதவீதம், வேலை செய்ய முடியாத நிலை நீடிக்கும் வரை. ஒரே கை, ஒரே வெடிப்பு. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இருக்கிறது 70-க்கும் 90-க்கும் உள்ள தூரம்.

ஓட்டை எங்கே இருக்கிறது? முன்பு மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தாலே அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் அது 20 ஆகிவிட்டது. 10 பேருக்கும் குறைவான அச்சகம் பொதுவாக இ.எஸ்.ஐ.க்கும் வெளியே. மேலே சொன்ன கணக்கு நினைவிருக்கா? சின்ன அச்சகத்தில்தான் கை அதிகம் நனைகிறது. அங்கேதான் சட்டத்தின் கை எட்டாமல் போகிறது. எங்கே நோய் அதிகமோ அங்கே பாதுகாப்புக் குறைவு. இதைத்தான் நம் கட்சி எதிர்க்கிறது.

இன்னொன்று. 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை என்று ஒன்றிய அரசு பெருமையோடு அறிவித்திருக்கிறது. 20 வயதில் ஹெல்பராகச் சேர்ந்து, சேர்ந்த முதல் சீசனிலேயே கை வெடித்த தம்பி இன்னும் 20 வருஷம் காத்திருக்க வேண்டுமா? வேலையிட ஆபத்துக்கு வயது பார்க்கத் தெரியாது.

◾ 300 வருஷத்துக்கு முந்தைய கேள்வி

இத்தாலியில் பெர்னார்டினோ ராமசினி என்று ஒரு மருத்துவர். தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-இல் தனி நூலே எழுதியவர். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்று உலகம் அவரைச் சொல்கிறது. நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் கேளுங்கள் என்றார் அவர்: "நீ என்ன வேலை செய்கிறாய்?"

300 வருஷம் கழித்து, நம் ஊர் ஓ.பி.யில் அந்தக் கேள்வி எத்தனை முறை கேட்கப்படுகிறது? ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கும் மருத்துவர்கள் மேல் பழி போடுவது நம் நோக்கமில்லை. நெரிசல் நமக்கும் தெரியும். கையைக் காட்டினால் களிம்பு எழுதிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரம் அவர்களுக்கு. அதனால், அவங்க கேட்கலைன்னா நாமே சொல்லுவோம்:

"டாக்டர், நான் அச்சகத்துல மிஷின் பாக்குறேன். தினமும் மண்ணெண்ணெயும் தின்னரும் கையில படுது. லீவு விட்டா ஆறிடுது, வேலைக்குப் போனா வந்துடுது. இதைச் சீட்டுல எழுதிக் குடுங்க."

நாலே வாக்கியம். அதில் வேலை இருக்கிறது, பொருள் இருக்கிறது, எப்போது வருகிறது எப்போது போகிறது என்பதும் இருக்கிறது. நல்ல மருத்துவருக்கு இது போதும். அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்க. கையையும் மாதம் ஒரு முறை படம் எடுத்து வையுங்க. நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி.

மெடிக்கல் ஷாப்பில் நேராகப் போய் "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்கும் பழக்கத்தை விட வேண்டும். அப்படிக் கிடைக்கும் களிம்புகளில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். மாசக்கணக்கில் போட்டால் தோலே மெலிந்துவிடும். பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே விதி திருத்தப்பட்டது. கூடவே, களிம்பு போட்டுக்கொண்டு அதே தின்னரில் கையை விட்டால் எந்த மருந்தும் நிற்காது.

◾ நாளைக்கே செய்யக்கூடியவை

▪️ கையைக் கரைப்பானில் கழுவாதீங்க. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தேய்த்தால் மை இளகும். துணியால் துடைத்துவிட்டு, சாதாரணக் குளியல் சோப்பும் தண்ணீரும் போதும். ஈரம் துடைத்து வாசலின் தடவுங்க. சோப்புத்தூள், மணல், மரத்தூள் வேண்டவே வேண்டாம்.

▪️ துணிக் கையுறை போடாதீங்க. அது கரைப்பானைக் குடித்துவிட்டுத் தோலோடு ஒட்டிப் பிடித்து வைக்கும், வெறுங்கையைவிட மோசம். சாதாரண ரப்பர் கையுறை மண்ணெண்ணெயில் ஊறி உப்பிவிடும். மண்ணெண்ணெய் வகைக்கு நைட்ரைல் கையுறை ஏற்றது. தின்னருக்கு எல்லா நைட்ரைலும் தாங்காது, எது தாங்கும் என்று விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். கிழிந்ததைத் தூக்கிப் போடுங்க.

▪️ "கையுறை போட்டா ரோலர் இழுத்துடும்ணே" என்று தோழர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆகவே ஓடும் மிஷினில் கழுவச் சொல்லவே கூடாது. நிறுத்திவிட்டு, துடைத்துவிட்டு, கையை எடுத்த பிறகு கொஞ்சம் உருட்டி, மறுபடி நிறுத்தித் துடைக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். கையா, நேரமா என்று தொழிலாளியைத் தேர்வு செய்ய விடுவது அநியாயம்.

▪️ கேனில் என்ன இருக்கிறது என்று கேளுங்க. தயாரிப்பாளர் கொடுக்கும் பாதுகாப்புத் தகவல் தாளை முதலாளி வாங்கி வைக்க வேண்டும். பேர் இல்லாத கேன், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த தின்னர், இவை இரண்டும் அச்சகத்தில் இருக்கவே கூடாது. தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிட்டால் என்ன ஆகும்?

▪️ நனைந்த துணியைச் சட்டைப் பையில், கால்சட்டைப் பையில் சொருகாதீங்க. தொடையில் வரும் புண்ணுக்கு அதுதான் காரணமாக இருக்கும். மூடி போட்ட டப்பாவில் போடுங்க. தீ விபத்துக்கும் அதுவே தடுப்பு.

◾ முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

சின்ன அச்சகம் நடத்துபவர்களும் நம் மக்கள்தான். பலர் நேற்றுவரை மிஷினில் நின்றவர்கள். காகித விலை, மின் கட்டணம், பாக்கி வசூல் என்று அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். ஒரு பெட்டி கையுறையும் ஒரு பாட்டில் எண்ணெயும் ஒரு தண்ணீர்க் குழாயும் யாரையும் திவாலாக்காது. கை வெந்த மிஷின்மேன் சீசன் நேரத்தில் நாலு நாள் வராமல் போனால் ஆகும் நஷ்டத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்க அண்ணாச்சி!

ரோலர் கழுவ வேறு வழியே இல்லையா? இருக்கிறது. டென்மார்க் முதலிய நாடுகளில் தாவர எண்ணெய் வழித் திரவங்களைக் கொண்டு ஆஃப்செட் மிஷின் கழுவும் முறையை 1980, 90-களிலேயே உருவாக்கிவிட்டார்கள். ஆவியாவது குறைவு, தோலுக்குத் தீங்கும் குறைவு. கழுவக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், உண்மைதான். கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பிழியும் நாட்டில் இதைச் செய்ய முடியாது என்று சொல்ல முடியுமா? இதற்கு ஆய்வும் மானியமும் தர வேண்டியது அரசு.

◾ நம் கோரிக்கைகள்

1. அரசு மருத்துவமனை, இ.எஸ்.ஐ. மருந்தகம் எல்லாவற்றிலும் ஓ.பி. சீட்டில் 'தொழில்' என்ற கட்டத்தை அச்சிட வேண்டும், நிரப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு வரி மை போதும்.

2. தொழிலிடத்துக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் திட்டம் மாநிலத்தில் நடக்கிறது. நல்லது. அதே மேஜையில் தொழிலாளியின் கையையும் திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். வயது வரம்பு கூடாது.

3. தொழிலாளர் எண்ணிக்கை எதுவானாலும், கரைப்பான் புழங்கும் எல்லா இடத்துக்கும் கையுறை, கழுவுமிடம், காற்றோட்டம், தகவல் தாள் ஆகியவற்றைக் கட்டாயமாக்கி மாநில விதிகள் வர வேண்டும்.

4. அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் மாவட்ட வாரியாக எத்தனை பதிவானது என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று, ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் கேட்பது பிச்சை கிடையாது, தோழர்களே!

◾ நீங்க செய்ய வேண்டியது

இது சிவகாசிக்கு மட்டும் உரிய கதையா? உங்கள் தெரு முனை மெக்கானிக் ஷாப்பில் பெட்ரோலில் கை கழுவும் தம்பியைப் பாருங்க. தின்னரில் கை துடைக்கும் பெயிண்டரைப் பாருங்க. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்கப் பசை தடவும் அக்கா தங்கச்சிகளைப் பாருங்க. திருப்பூரில் பனியனுக்குப் பிரிண்டிங் போடும் பட்டறையைப் பாருங்க. திரவத்தின் பேர்தான் மாறும், கை ஒரே மாதிரிதான் வெடிக்கும். அவங்க கிட்ட அந்த நாலு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்க.

கட்சிக்குப் போஸ்டர், நோட்டீஸ், காலண்டர் ஆர்டர் கொடுக்கும் ஒன்றிய, நகர, கிளைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை பேசும்போதே அச்சகத்தில் மூன்று விஷயம் கேளுங்க. கையுறை உண்டா? கை கழுவ எண்ணெயும் சோப்பும் உண்டா? மிஷினை நிறுத்தித்தான் கழுவுகிறார்களா? இந்த மூன்றும் உள்ள அச்சகத்துக்கே நம் ஆர்டர். உழைப்பவன் உரிமை என்று நாம் அச்சடிக்கும் எழுத்து, உழைப்பவன் கையை வேகவைத்து வரக் கூடாது.

வீட்டில் இந்த வேலைக்குப் போகும் அண்ணன், தம்பி, அக்கா, அப்பா யார் இருந்தாலும் இன்று ராத்திரி அவர்கள் கையை வாங்கிப் பாருங்க. "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேளுங்க. "ஒண்ணுமில்ல" என்றால் விடாதீங்க. கூடவே மருத்துவமனைக்குப் போங்க. சீட்டில் அந்த வரி எழுதப்படும் வரை அங்கேயே நில்லுங்க.

உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் நிலைமை என்ன என்று கமெண்டில் எழுதுங்க. முதலாளி பேர், கம்பெனி பேர் வேண்டாம். தொழில், கையில் படும் பொருள், எத்தனை வருஷம், இவ்வளவு போதும். வரும் பதிவுகளைத் தொகுத்து, மேலே சொன்ன நான்கு கோரிக்கைகளோடு தொழிலாளர் துறையிடம் மனுவாகக் கொடுப்போம்.

பகிருங்கள். மிஷின் பக்கத்தில் நிற்கும் ஒரு தோழரின் போனுக்காவது இது போய்ச் சேரட்டும்.

உழைக்கும் கைகள் காப்போம்!

#சீட்டில்_எழுது
#தொழில்நோய்
#உழைக்கும்_கைகள்